மெய்நிகர் உலகம் தடக்குகிறதா? பணம் செலவழிக்க முன் பார்க்க வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழரை மணிக்கு ஆரையம்பதியில் உள்ள எங்கள் அக்காவின் வீட்டில் எல்லோரும் ஒரு மடிக்கணினியைச் சுற்றி இருப்பார்கள். அக்காவின் மகன் விசைப்பலகையில். அவனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு எங்கள் அம்மா. மறுமுனையில் ரொறன்ரோவில் அண்ணாவின் மகள். அங்கே அப்போது காலை பத்து மணி. இரண்டு பிள்ளைகளும் மைன்கிராப்டில் ஒரு வீடு கட்டுகிறார்கள். அம்மா சொல்லச் சொல்லக் கட்டுகிறார்கள். முற்றத்தில் கிணறு, கிணற்றடியில் தென்னை என்று சொல்லி இரண்டு மரம், வாசலுக்கு நேரே படலை. 1990 இல் நாங்கள் விட்டுவிட்டு ஓடிய வீடு அது. இன்று அந்த இடத்தில் அத்திவாரம்கூட இல்லை.

சில மாதங்களுக்கு முன் அந்த வீட்டு வேலை நின்றுபோனது. மருமகன் நடந்தால் பத்தடி பின்னுக்கு இழுபட்டான். ரொறன்ரோப் பிள்ளையின் உருவம் மதிலடியில் அசையாமல் நின்றுவிட்டு, திடீரென்று கூரையில் தோன்றியது. "என்ன மனே, அவள் அங்கேயே நிக்காள்?" என்று அம்மா கேட்பார். அண்ணா காசு அனுப்பினார். பெரிய டேட்டா பக்கேஜ் போட்டோம். மாற்றமில்லை. புதிய ரவுட்டர் ஒன்று வாங்கினோம். மாற்றமில்லை. கடைசியில் திருத்தும் கடையொன்றில் அக்காவின் கைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் அழிச்சு ரீசெற் பண்ணினால் சரி" என்றார்கள். அந்தக் கைபேசிக்குள்தான் 1990 இல் காணாமற்போன எங்கள் மாமாவின் ஒரே படம் இருந்தது. அசல் படம் 2004 சுனாமியோடு போய்விட்டது.

இந்தக் கட்டுரை அந்த அனுபவத்திலிருந்து எழுதப்படுகிறது. மெய்நிகர் உலகம் தடக்கும்போது கோளாறு எங்கே இருக்கிறது என்று ஒரு மணித்தியாலத்தில், செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். அதைக் கண்டுபிடிக்க முன் பணம் கொடுக்கவும் வேண்டாம், எதையும் அழிக்கவும் வேண்டாம்.

மெய்நிகர் உலகம் என்பது

பலர் ஒரே நேரத்தில் இணையம் வழியாக உள்ளே போய், தமக்கென்று ஓர் உருவத்தோடு நடமாடி, பேசி, கட்டி, விளையாடக்கூடிய இடத்தையே மெய்நிகர் உலகம் என்கிறோம். 2003 இல் அமெரிக்காவின் லின்டன் லாப் நிறுவனம் தொடங்கிய செகண்ட் லைஃப் இதில் மூத்தவற்றுள் ஒன்று. 2006 இல் வெளிவந்த ரோப்லொக்ஸும், அதற்குப் பின் வந்த மைன்கிராப்டும் இன்று நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்தவை.

சினிமாப் படம் பார்ப்பதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. யூரியூப்பில் படம் ஓடும்போது அடுத்த சில செக்கன்களுக்குரியது முன்கூட்டியே இறங்கிவிடும். இணையம் கொஞ்சம் தடுமாறினாலும் தெரியாது. மெய்நிகர் உலகில் அப்படி முன்கூட்டி இறக்க முடியாது. அடுத்த செக்கனில் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புவீர்கள், மச்சாள் எங்கே குதிப்பாள் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் யூரியூப் நன்றாக ஓடுகிற அதே வீட்டில் விளையாட்டு மட்டும் தடக்குகிறது. "யூரியூப் ஓடுதே, அப்ப லைனில பிழை இல்லை" என்ற முடிவு இங்கே பொருந்தாது.

தடக்கல் நான்கு வகை

கோளாறு நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கும்: உங்கள் கருவி, வீட்டிலிருந்து கோபுரம் வரையான இணைப்பு, இங்கிருந்து வெளிநாட்டுக்கான தூரம், அந்த உலகத்தை ஓட்டும் சேர்வர். ஒவ்வொன்றும் தடக்கும் விதம் வேறு.

திரை முழுவதும் ஒவ்வொரு படமாகத் தாவித் தாவி நகர்ந்தால், யாரும் இல்லாத இடத்தில் தனியே நின்று சுற்றிப் பார்த்தாலும் அப்படியே இருந்தால், அது கருவியின் களைப்பு.

திரை வழுவழுப்பாகத் திரும்புகிறது, ஆனால் மற்றவர்கள் நின்று நின்று பாய்கிறார்கள், நீங்கள் நடந்தால் பின்னுக்கு இழுபடுகிறீர்கள், கதவைத் திறந்தால் ஒரு செக்கன் கழித்துத் திறக்கிறது என்றால், அது இணைப்பு அல்லது தூரம்.

நடமாட்டம் சரி, ஆனால் சுவர்களும் உடைகளும் நெடுநேரம் சாம்பல் நிறமாக நின்று மெல்ல மெல்லத் துலங்குகின்றன என்றால், இறக்கும் வேகம் போதவில்லை.

கனடாவில் இருப்பவர், லண்டனில் இருப்பவர், நீங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தடக்குகிறது என்று சொன்னால், அது சேர்வரின் பிரச்சினை. நீங்கள் செய்ய எதுவும் இல்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம்.

வேகம் வேறு, தாமதம் வேறு

விற்பனையாளர்கள் "ஸ்பீட்" என்ற ஒரே சொல்லால் இரண்டு விடயங்களைச் சொல்கிறார்கள். குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கும் பாதையில் போனவர்களுக்கு இதை எளிதாக விளங்கப்படுத்தலாம். பாதை ஒரு தடவையில் எத்தனை பேரையும் எத்தனை மோட்டார் சைக்கிளையும் ஏற்றும் என்பது வேகம். அக்கரைக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது தாமதம். இதைத்தான் "பிங்" என்கிறார்கள், மில்லிசெக்கனில் அளப்பார்கள். பெரிய பாதை போட்டால் கூடுதலான ஆட்கள் போகலாம். வாவியின் அகலம் குறையாது.

பெரிய பக்கேஜ் வாங்குவது பெரிய பாதை போடுவது மாதிரி. எங்கள் வீட்டில் பிரச்சினை தாமதத்தில் இருந்தது. நாங்கள் வேகத்துக்குக் காசு கட்டினோம்.

இன்னும் இரண்டு உண்டு. ஒரு தடவை ஐந்து நிமிடத்திலும் அடுத்த தடவை இருபது நிமிடத்திலும் பாதை வந்தால், துறையில் நிற்பவர் எதையும் திட்டமிட முடியாது. பிங் கூடிக் குறைந்து ஆடுவதும் அப்படித்தான். நிலையாக 250 மில்லிசெக்கன் இருப்பது, 80 க்கும் 600 க்கும் இடையில் ஆடுவதைவிட நல்லது. மற்றது, ஏற்றிய சாமான் அக்கரை போய்ச் சேராமல் விடுவது. இதைப் பக்கெற் இழப்பு என்பார்கள். நூற்றுக்கு இரண்டு மூன்று தொலைந்தாலே உருவங்கள் பாயத் தொடங்கும்.

முதலில் அளந்து எழுதுங்கள்

ஒரு கொப்பித் தாளில் மூன்று நேரங்களை எழுதுங்கள்: காலை ஆறு, பின்னேரம் நான்கு, இரவு எட்டரை. ஒவ்வொரு நேரத்திலும் ஏதாவது ஒரு வேகச் சோதனைத் தளத்தில் இறக்கும் வேகம், ஏற்றும் வேகம், பிங் மூன்றையும் பார்த்து எழுதுங்கள். இரண்டு நாள் செய்தால் போதும். காலையில் நல்லாகவும் இரவில் மோசமாகவும் இருந்தால் கோபுரத்தில் நெரிசல். எந்நேரமும் மோசம் என்றால் வீட்டுக்குள் அல்லது சிக்னலில் கோளாறு. எந்நேரமும் நல்லது, ஆனால் விளையாட்டு மட்டும் தடக்குகிறது என்றால் கருவியையோ தூரத்தையோ பாருங்கள். இந்தச் சோதனைகள் பெரும்பாலும் உங்களுக்குக் கிட்டவுள்ள சேர்வரோடுதான் நடக்கும். அதில் வரும் 30 மில்லிசெக்கன் கனடாவுக்கான கணக்கு அல்ல.

அடுத்து விளையாட்டின் உள்ளேயே அளவைப் பாருங்கள். கணினியில் மைன்கிராப்டின் ஜாவா பதிப்பு என்றால் எஃப் 3 விசையை அழுத்தினால் செக்கனுக்கு எத்தனை படம் என்பது மேலே வரும். ரோப்லொக்ஸில் செற்றிங்ஸில் செயற்திறன் விபரத்தைக் காட்டும் தெரிவை இயக்கலாம். செகண்ட் லைஃபில் கன்ட்ரோல், ஷிப்ட், 1 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எல்லா அளவும் ஒரு பட்டியலாக வரும்.

செக்கனுக்கு 30 படங்களுக்கு மேல் என்றால் கண்ணுக்குத் தொந்தரவில்லை. 15 க்குக் கீழே என்றால் கருவி திணறுகிறது. படங்களின் எண்ணிக்கை நன்றாக இருந்து பிங் உயர்ந்திருந்தால் கருவியில் கை வைக்க வேண்டாம்.

கருவி திணறினால்

நம் வீடுகளில் உள்ள மடிக்கணினிகளில் பல, வெளிநாட்டில் யாரோ பாவித்துவிட்டு அனுப்பியவை. அவற்றைத் தூக்கி எறிய முன் செய்யக்கூடியவை இவை.

பார்வைத் தூரத்தைக் குறையுங்கள். இதுதான் முதல் மருந்து. மைன்கிராப்டிலும் செகண்ட் லைஃபிலும் எவ்வளவு தூரம் வரை வரைந்து காட்ட வேண்டும் என்ற தெரிவு உண்டு. தூரத்தைப் பாதியாக்கினால் வரைய வேண்டிய நிலப்பரப்பு ஏறக்குறைய நாலில் ஒன்றாகிவிடும். செகண்ட் லைஃபில் ஒரு பிராந்தியம் 256 மீற்றருக்கு 256 மீற்றர். வீட்டுக்குள் நின்று கதைப்பதற்கு 64 மீற்றர் தாராளம். ரோப்லொக்ஸில் கிராபிக்ஸைத் தானியங்கியிலிருந்து கையால் மாற்றும் நிலைக்குக் கொண்டுவந்து, அளவைப் படிப்படியாக இறக்கிப் பாருங்கள். நிழல், நீரில் தெரியும் பிம்பம், புகை போன்றவற்றை நிறுத்துங்கள்.

சூட்டைக் குறையுங்கள். சித்திரை, வைகாசி வெக்கையில் கைபேசியும் மடிக்கணினியும் தம்மைக் காப்பாற்றத் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் நல்லாக ஓடி, பிறகு தடக்கத் தொடங்கினால் காரணம் பெரும்பாலும் சூடுதான். கைபேசியின் உறையைக் கழற்றுங்கள். சார்ஜில் போட்டபடி விளையாட விட வேண்டாம். மடிக்கணினியை மெத்தையில் வைக்காமல் மேசையில் வையுங்கள். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்றும் மணல்தூசும் உள்ளே இருக்கும் விசிறியை அடைத்துவிடும். வருடத்துக்கு ஒரு தடவை திறந்து துப்புரவாக்குவது நல்லது.

இடத்தை விடுவியுங்கள். வட்ஸ்அப் குழுக்களில் வரும் வீடியோக்கள் கைபேசியை நிரப்பிவிடும். சேமிப்பிடத்தில் பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். ஆனால் எதை அழிக்கிறோம் என்று பார்த்து அழியுங்கள். இதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

மின்சாரத்தைப் பாருங்கள். மடிக்கணினி பற்றரியில் ஓடும்போது பல மாதிரிகள் வேகத்தைக் குறைக்கும். மின்சேமிப்பு நிலை இயங்குகிறதா என்றும் பாருங்கள். அதை நிறுத்தினாலே சில கணினிகள் உயிர்பெற்றுவிடும்.

இவ்வளவும் செய்தும் சரிவராவிட்டால், புதிய கணினி வாங்க முன் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கை எஸ்.எஸ்.டி. ஆக மாற்றவும், ராம் கூட்டவும் எவ்வளவு முடியும் என்று கேளுங்கள். பழைய கணினிக்குச் செய்யக்கூடிய செலவுகளில் பலன் தெரியும் செலவு அதுதான்.

வீட்டிலிருந்து கோபுரம் வரை

எழுவான்கரையில் சில இடங்களுக்கு பைபர் இணைப்பு வந்துவிட்டது. படுவான்கரையில் பெரும்பாலான வீடுகள் இன்னும் 4ஜி ரவுட்டரையோ கைபேசியின் ஹொட்ஸ்பொட்டையோ நம்பித்தான் இருக்கின்றன. கம்பியில்லா இணைப்பு என்றால் ரவுட்டர் இருக்கும் இடமே பாதி மருத்துவம்.

ரவுட்டரை அலுமாரிக்குப் பின்னாலும் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலும் வைக்காதீர்கள். தகரக் கூரையும் கொங்கிறீற் தட்டும் சிக்னலை மறிக்கும். கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்த யன்னலடியில், தலைக்கு மேல் உயரத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு யன்னலிலிருந்து மற்ற யன்னலுக்கு மாற்றுவதே பெரிய வித்தியாசம் தரலாம். வாவியோர வீடுகளுக்கு இன்னொரு விடயம் உண்டு. தண்ணீருக்கு மேலே சிக்னலை மறிக்க எதுவும் இல்லை. அதனால் கருவி அக்கரையில் உள்ள தூரக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். ரவுட்டரை வாவிப் பக்கத்திலிருந்து நிலப் பக்கத்துக்கு மாற்றியும் ஒரு தடவை அளந்து பாருங்கள்.

ரவுட்டரின் உள்பக்கத்தில் சிக்னலின் வலு மறை எண்ணாகக் காட்டப்படும். மறை 80, 90 என்றால் நல்லது. மறை 110 ஐத் தாண்டினால் பலவீனம். கோடுகள் முழுதாக இருந்தும் இரவில் மட்டும் தடக்கினால் அது நெரிசல். அதற்குப் புதிய ரவுட்டர் உதவாது.

வீட்டுக்குள் முடிந்தால் கணினியை ரவுட்டரோடு வயரால் இணையுங்கள். வைஃபை என்றால், ஒரே அறையில் 5 கிகாஹேர்ட்ஸ் நல்லது. சுவர்களைத் தாண்ட வேண்டுமென்றால் 2.4 தான் போய்ச் சேரும்.

பலருக்குத் தெரியாத ஒரு காரணம் ஏற்றும் பாதை. வீட்டில் ஒருவருடைய கைபேசி இரவில் படங்களை இணையச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்கினால், அந்தச் சின்ன ஏற்றும் பாதை நிரம்பிவிடும். உங்கள் உருவம் நடந்த செய்தி அந்த வரிசையின் பின்னால் நிற்கும். பிங் ஐந்து மடங்கு, பத்து மடங்கு உயரும். விளையாடும் நேரத்தில் தானாக ஏற்றுவதை நிறுத்திவிட்டு, நித்திரைக்குப் போகும்போது திரும்ப இயக்குங்கள்.

அடுத்தது வீ.பி.என். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகும் 2022 ஏப்ரலிலும் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டபோது நம்மில் பலர் இலவச வீ.பி.என். செயலிகளைப் போட்டுக்கொண்டோம். தடை போனது. செயலி போகவில்லை. அது இயங்கிக்கொண்டிருந்தால், உங்கள் செய்தி முதலில் வேறொரு நாட்டுக்குப் போய், அங்கிருந்துதான் கனடாவுக்குப் போகும். இலவசச் சேவைகளில் நெரிசலும் அதிகம். எங்கள் அக்காவின் கைபேசியில் 2022 இல் போட்டது அப்படியே இருந்தது. ஹொட்ஸ்பொட் கொடுக்கும் கைபேசியிலும் விளையாடும் கணினியிலும் இதைத் தேடிப் பாருங்கள்.

பக்கேஜையும் ஒரு தடவை வாசியுங்கள். சமூக வலைத்தளங்களுக்கு மட்டும் என்று விற்கும் பக்கேஜ் விளையாட்டுக்குச் சேராது. பல பக்கேஜ்கள் மாத ஒதுக்கீடு முடிந்ததும் வேகத்தைக் கடுமையாகக் குறைத்துவிடும். மாதக் கடைசியில் மட்டும் தடக்கினால் இதுதான் காரணம். இரவு டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் பெரிய அப்டேற்றுகளை அந்த நேரத்தில் இறக்குங்கள்.

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலம் மறந்திருக்காது. ரவுட்டருக்கென்று சின்ன யு.பி.எஸ். வைத்திருந்தால் சில நிமிடத் துண்டிப்பிலும் மின்னழுத்தம் விழுந்தெழும் நேரத்திலும் உதவும். மின்சாரம் நெடுநேரம் இல்லாவிட்டால் கோபுரத்தின் பற்றரியும் இறங்கிவிடும். அப்போது வீட்டில் யு.பி.எஸ். இருந்தும் பலனில்லை.

கடலுக்கடியால் போகும் பாதை

மட்டக்களப்பு வங்கக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் நாட்டை உலகத்தோடு இணைக்கும் கடலடிக் கேபிள்கள் கொழும்பு, கல்கிசை, மாத்தறை ஆகிய மேற்கு, தெற்குக் கரைகளில்தான் ஏறுகின்றன. நம் செய்தி முதலில் நிலத்தால் முந்நூறு கிலோமீற்றரளவு கடந்து அங்கே போய்த்தான் கடலில் இறங்குகிறது.

கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 200,000 கிலோமீற்றர் போகும். கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 14,000 கிலோமீற்றர். போய்த் திரும்ப 28,000. ஆகவே 140 மில்லிசெக்கனுக்குக் குறைவாக எந்த நிறுவனத்தாலும் தர முடியாது. கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை. இடையில் பல சந்திகளும் உண்டு. அதனால் உண்மையில் கிடைப்பது 250, 300 ஐ ஒட்டியிருக்கும். லண்டனுக்குச் சுமார் 8,700 கிலோமீற்றர். அதன் அடிமட்டம் 87 மில்லிசெக்கன். செகண்ட் லைஃப் 2020 இல் தன் சேர்வர்களை அமேசானின் முகில் சேவைக்கு, அமெரிக்காவின் ஒரிகனுக்கு மாற்றியது. அதுவும் நமக்கு 13,000 கிலோமீற்றருக்கு மேல்.

இந்தத் தாமதத்தைப் பக்கேஜ் மாற்றி நீக்க முடியாது. மூன்று வழிகளில் சமாளிக்கலாம்.

ஒன்று, உலகம் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். மைன்கிராப்ட் உலகம் ரொறன்ரோவில் உள்ள கணினியில் ஓடினால், அங்குள்ள பிள்ளைக்குத் தாமதமே தெரியாது. முழுத் தாமதமும் இங்குள்ள பிள்ளையின் தலையில். ஐரோப்பாவில் உள்ள சேர்வரை எடுத்தால் அது இருவருக்கும் பங்காகும். ரோப்லொக்ஸில் முதலில் உள்ளே போகிறவருக்குக் கிட்டிய சேர்வரே பொதுவாகக் கிடைக்கும். தடக்கல் கூடிய பக்கத்தில் உள்ள பிள்ளை முதலில் போகட்டும். மற்றவர் பின்னால் சேரட்டும்.

இரண்டு, நேரத்தை மாற்றுங்கள். இரவு ஏழிலிருந்து பத்து வரை இங்கே எல்லோரும் இணையத்தில். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நம் கோபுரம் வெறுமையாக இருக்கும். அப்போது ரொறன்ரோவில் சனி இரவு எட்டரை. மாரி காலத்தில் ஏழரை. லண்டன், சுவிஸ் உறவுகளுக்கு ஞாயிறு பகல் இரண்டு மணி பொருந்தும். கோடையில் லண்டனில் அது காலை ஒன்பதரை, சுவிஸில் பத்தரை.

மூன்று, தாமதத்துக்கு ஏற்ற வேலையைத் தெரிவுசெய்யுங்கள். ஓடிப் பிடிப்பது, சுடுவது எல்லாம் 300 மில்லிசெக்கனில் சரிவராது. தோற்கிற பிள்ளை அழும். வீடு கட்டுவது, தோட்டம் போடுவது, கதைத்துக்கொண்டு நடப்பது எல்லாம் நன்றாக நடக்கும்.

சேர்வர் பக்கம்

செகண்ட் லைஃபின் பட்டியலில் "நேர விரிவு" என்ற பொருளில் ஓர் அளவு உண்டு. அது 1 ஐ ஒட்டியிருந்தால் சேர்வர் நலம். 0.7, 0.6 என்று விழுந்தால் அந்த இடமே களைத்துவிட்டது. சேர்வரின் சொந்த வேகம் செக்கனுக்கு 45 இருக்க வேண்டும். மைன்கிராப்டில் அது செக்கனுக்கு 20 துடிப்பு. ஒரே இடத்தில் ஆட்களும் இயங்கும் பொருட்களும் கூடினால் இவை குறையும். அப்போது ஆள் குறைந்த இடத்துக்கு மாறுவதே வழி.

அழிக்க முன்

திருத்துபவர்கள் சொல்லும் மூன்று சொற்களுக்கு இடையிலான வித்தியாசத்தைத் தெரிந்துவைத்திருங்கள். கேஷை அழிப்பது என்றால் செயலி தற்காலிகமாகச் சேர்த்தது மட்டும் போகும். பயமில்லாமல் செய்யலாம். டேட்டாவை அழிப்பது என்றால் அந்தச் செயலிக்குள் இருந்த எல்லாம் போகலாம். கணினியில் சேமித்த உலகமும் போகலாம். ரீசெற் என்றால் கைபேசி கடையிலிருந்து வந்த நாளுக்குத் திரும்பும்.

நம் பகுதியில் பல கைபேசிகளுக்குள் காணாமற்போனவரின் படம் இருக்கிறது. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதம், காணாமற்போனோர் அலுவலகத்துக்குக் கொடுத்த மனு, மரணச் சான்றிதழ், இறந்தவரின் குரல் பதிவு எல்லாம் இருக்கின்றன. அசல் கறையானுக்கும் தண்ணீருக்கும் போனபின் மிஞ்சியது இந்தப் பிரதி மட்டும்தான். தடக்கலுக்காக அதை இழக்கக் கூடாது.

எந்தக் கடைக்கும் கொடுக்க முன் இவற்றைக் குறைந்தது இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒன்று வீட்டில் ஒரு பென் டிரைவில். மற்றது வெளிநாட்டில் உள்ள ஓர் உறவிடம். வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது தரத்தைக் குறைத்துவிடும். பிள்ளைகள் கட்டிய உலகத்தையும் அப்படியே பிரதியெடுத்து வையுங்கள். அது ஒரே கணினியில் இருந்தால், அந்தக் கணினியோடு போய்விடும்.

வேகம் கூட்டும் செயலி, விளையாட்டு பூஸ்டர், மாற்றியமைத்த பதிப்பு என்று வருபவற்றைப் போடவேண்டாம். தூரத்தையோ நெரிசலையோ அவற்றால் குறைக்க முடியாது. பல, கணக்கையும் கடவுச்சொல்லையும் திருடவே வருபவை. தடக்கலைத் திருத்தித் தருகிறேன் என்று விளையாட்டுக்குள் வந்து கடவுச்சொல் கேட்பவர் யாராக இருந்தாலும் கொடுக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

செலவின் ஒழுங்கு

முதலில் செலவில்லாதவை: அளப்பது, வீ.பி.என். ஐ நிறுத்துவது, தானாக ஏற்றுவதை நிறுத்துவது, ரவுட்டரின் இடத்தையும் விளையாடும் நேரத்தையும் மாற்றுவது, பார்வைத் தூரத்தைக் குறைப்பது. அடுத்துச் சிறு செலவு: வயர், விசிறித் துப்புரவு, ரவுட்டருக்கு யு.பி.எஸ். அதற்குப் பின் எஸ்.எஸ்.டி., ராம். சோதனையில் எந்நேரமும் இறக்கும் வேகம் சில மெகாபிற்றுகூட இல்லை என்று தெரிந்தால் மட்டும் பெரிய பக்கேஜ் அல்லது வேறு நிறுவனம். புதிய கணினி கடைசி. இதற்காக நுண்கடன் எடுக்க வேண்டாம். நுண்கடனால் நம் ஊர்ப் பெண்கள் பட்ட பாடு போதும்.

எங்கள் வீட்டில் கடைசியாகச் செய்தது மூன்று. அக்காவின் கைபேசியில் இருந்த வீ.பி.என். ஐ எடுத்தோம். படங்கள் தானாக ஏறுவதை விளையாடும் நேரத்தில் நிறுத்தினோம். ஞாயிறு இரவை ஞாயிறு காலையாக்கினோம். பிங் இப்போது 280 ஐ ஒட்டி நிற்கிறது. அது அதற்குக் கீழே போகாது என்று தெரியும். கைபேசி ரீசெற் செய்யப்படவில்லை. மாமாவின் படம் இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது.

போன ஞாயிறு காலை அம்மா தேத்தண்ணியோடு வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் குசினிக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரொறன்ரோப் பிள்ளை வைத்த பலகை கண்ணிமைக்கும் நேரம் பிந்தித்தான் இங்கே தெரிந்தது. அம்மா அதைக் கவனிக்கவில்லை. குசினி யன்னல் கிணற்றைப் பார்த்தபடி இருக்க வேண்டும், மாற்றி வையுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.